கப்டனுக்கு என்ன நடந்தது

தொண்ணூறாம் ஆண்டுப் போரில் மயிலிட்டிக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு மீனவக் குடும்பம் கொடிகாமத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தது. நான் ஆங்கில ஆசிரியை. பள்ளிக்கூடம் முழுவதும் அகதிகள் இருந்ததால் வகுப்பு நடக்கவில்லை. பொழுது போகாமல் அலுமாரியில் கிடந்த பழைய மிஷன் புத்தகமொன்றை எடுத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் வரலாறு அது.

"அதிலை என்ன கிடக்கு ரீச்சர்?" என்று அந்தக் குடும்பத்து அக்கா கேட்டார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வாசித்த மட்டும் சொன்னேன். சிறு வயதிலேயே கப்பலேறியவர். லெப்டினன்ட் ஆனார், கடற்கொள்ளைக்காரரைத் துரத்தினார், பசிபிக் தீவுகளை அளந்து படம் வரைந்தார், கப்டன் ஆனார்.

"அவ்வளவு காலமும் மனுசி எங்கை?"

பக்கங்களைப் புரட்டித் தேடினேன். விடுமுறையில் வந்து கலியாணம் செய்தார் என்று ஒரு வரி இருந்தது.

"வேறை ஒண்டும் போடேல்லையே?"

"இல்லை அக்கா."

அதன்பின் ஒவ்வொரு மத்தியானமும் அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். கப்டனின் கப்பல் பனிமூட்டத்தில் பாறையில் ஏறியது. ஆட்கள் தப்பினார்கள், கப்பல் போயிற்று. கடற்படை அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. அதோடு நின்றது, மிச்சப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது.

"பனிக்குள்ளை கரை தெரியாது. அந்தாளிலை பிழை இல்லை," என்றார் அக்கா.

எனக்கு அந்த நிச்சயம் இல்லை. தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. கனடாவிலிருந்த தம்பிக்கு எழுதினேன். பல மாதங்களுக்குப் பிறகு, அங்குள்ள நூலகத்தில் தேடிப் பார்த்துப் பதில் போட்டான்.

அக்காவை இருத்தி வாசித்தேன். கப்டன் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு. ஆனால் அவருக்கு மறுபடி கப்பல் கொடுக்கவில்லை. கரையோர வெளிச்சவீடுகளைப் பார்வையிடும் வேலை கொடுத்தார்கள். குடும்பத்தோடு இருந்து, முதுமையில் வீட்டிலேயே இறந்தார்.

அக்கா கடலுக்குப் போக வழியில்லாமல் முற்றத்தில் இருந்த தன் கணவரைப் பார்த்தார்.

"கரையிலை நிக்கேக்கை அந்தாள் மனுசியோடை எப்பிடி இருந்ததாம்? கோவமோ?"

"தம்பி அதை எழுதேல்லை அக்கா."

"கேட்டு எழுதுங்கோவன்."

எந்தப் புத்தகத்தில் அது இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதினேன்.