பாயிஸின் திரையில் நானும் இருந்தேன்

பாயிஸ் வபாத்தாம்.

காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது போன் வந்தது. நெஞ்சு வலியாம்... நாற்பத்தொரு வயது. அசர் தொழுகைக்குப் பிறகு சிலாவத்துறையில் ஜனாஸா அடக்கம்.

அப்போதிருந்து எழும்புகிறேன், இருக்கிறேன். உயிலங்குளம் சந்தி வரை போய்த் திரும்பி வந்தேன். இரண்டு பஸ் போய்விட்டது.

நாங்கள் முந்தி வேலை செய்த கந்தோரின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நல்ல மனுசன். சேர்வரையே துடைச்சிட்டுப் போனவர்." கீழே நாலு சிரிப்பு.

அதுதான் என்னை இருக்க விடுகுதில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மன்னாரில் ஒரு கந்தோரில் பாயிஸும் நானும் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. லினக்ஸ் சேர்வர்களைப் பார்ப்பது எங்கள் வேலை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, நாள் முழுக்க அதுதான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். எதையும் அழிக்கும் கட்டளை என்றால் ஒருவர் டைப் பண்ணி, கடைசியில் # போட்டு, என்டர் தட்டாமல் நிற்க வேண்டும். மற்றவர் தன் கம்பியூட்டரில் இருந்து அதே திரைக்குள் வந்து பார்த்து, சரியென்றால் # க்குப் பின்னால் 'ஓம்' என்று எழுத வேண்டும். # க்குப் பின்னால் என்ன எழுதினாலும் மெஷின் கணக்கெடுக்காது.

"றெஜினா, கெதியா ஓம் போடுங்க, பசிக்குது!" என்று பாயிஸ் கத்துவார்.

ஒருமுறை ஓமுக்குப் பதிலாக 'நோன்புக் கஞ்சி எங்கே' என்று எழுதினேன். அடுத்த நாள் என் மேசையில் ஒரு போத்தல் கஞ்சி.

பிறகு புது மனேஜர் வந்தார். பாயிஸின் வேலை பிந்துகிறதாம். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "வீட்டில இருந்து அவர்ட செஷனைப் பாத்துக்கொண்டிருங்கோ. அவருக்குச் சொல்ல வேண்டாம்."

என் கொன்ட்ராக்ட் முடிய ஒரு மாதம் இருந்தது. "ஓம் சேர்" என்றேன். பயந்தாங்கொள்ளி.

பார்க்க மட்டும், எழுத முடியாதபடி, என் சின்ன லப்டொப்பில் இருந்து பாயிஸின் திரைக்குள் போனேன். மூன்றாவது நாள் ஒரு அழிக்கும் கட்டளை. டெஸ்ட் சேர்வரில் போட வேண்டியது. வரியின் முன்னால் நின்றதோ லைவ் சேர்வரின் பெயர். மீனவர் பதிவு முழுக்க அதில்தான்.

பாயிஸ் # போட்டார். நின்றார்.

பழக்கதோஷம் என்று நினைத்தேன். போன் என் கையில்தான் இருந்தது. அவருக்கு எடுத்துச் சொன்னால் நான் வேவு பார்ப்பது தெரிந்துவிடும்... இப்ப கவனிப்பார், இந்தா கவனிக்கப்போறார்...

என்டர்.

கந்தோரில் டைப் பண்ணும் பிள்ளைகள் மூன்று கிழமை இருந்து மீனவர் பதிவு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார்கள். "என்ட பிழைதான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பாயிஸ் வேலையை விட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. போகும்போது மட்டும், "றெஜினா, உங்கட லப்டொப் சின்னன். பெருசா ஒண்டு வாங்குங்க" என்று சிரித்தார். பகிடி என்று நானும் சிரித்தேன்.

இரண்டு வருடம் கழித்து, வேறு கந்தோரில், ஒருவர் தன் சின்ன லப்டொப்பில் இருந்து என் திரைக்குள் வந்தார். என் திரை அந்தச் சின்னத் திரையின் அளவுக்குச் சட்டென்று சுருங்கியது. மிச்ச இடமெல்லாம் புள்ளி புள்ளியாய்... பழைய கந்தோரில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவுத் திரை, அதனால் இதை நான் கண்டதில்லை.

நான் உள்ளே வந்த முதல் நிமிடமே பாயிஸுக்குத் தெரிந்திருக்கிறது.

# போட்டு நின்றது எனக்காகத்தான். நான் பேசாமல் இருந்ததை ஓம் என்று எடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகும் நான் அவருக்குக் கோல் எடுக்கவில்லை. நம்பர் இருந்தது.

சிரிப்புப் போட்ட நாலு பேருக்கும் சொல்கிறேன். அன்றைக்கு அந்தத் திரையில் இரண்டு பேர் இருந்தோம். பிழையைக் கண்டது நான். அவரில்லை. இதை அந்தக் குரூப்பிலும் போடுகிறேன், மனேஜரும் வாசிக்கட்டும்.

எழுதி முடித்துவிட்டு, போஸ்ட் பண்ணாமல் சந்தியில் நிற்கிறேன். பார்த்து ஓம் போட ஆள் இல்லை.

மூன்றாவது பஸ் வருகிறது.

வாறன், பாயிஸ்.