மதியச் சாப்பாட்டுக்குப் பேச்சாளர் பிடிக்கிறவன்

பேச்சாளர் பிடிக்கிற வேலையில் ஒரு வசதி, ஊரே விருந்து சாப்பிடும்போது நமக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருப்பதால் பசியே தெரியாது. யாரையாவது பேச அழைத்துவிட்டு வாசலையே பார்த்து நின்றவர்களுக்கு இது புரியும்.

ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து தரும் சிறு முதலாளிகள் ஒரு கிளப் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாடு, கூடவே ஒரு பேச்சாளர். போன வருடத் தலைவர் என் முதலாளி தாமோதரன். அவர் கம்பெனி எச்.ஆரில் நான் புதியவன், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால்தான் பெண் என்று சாத்தூரில் பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள். முதலாளியோ, "பேச்சாளர நீ பாத்துக்க, உன் கன்ஃபர்மேஷன நான் பாத்துக்கறேன்" என்றார்.

மன அமைதி

முதலில் வந்தவர் மன அமைதி வகுப்பு எடுப்பவர். கண்ணை மூடச் சொன்னார், மூடினார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவருக்குப் போன். அவர் அனுப்பிய பாகம் தீர்ந்து, பெரிய கம்பெனியில் கார் பூட்டுகிற லைன் நின்றுவிட்டதாம். லைன் நின்றது என்றால் இங்கே யாருக்கும் சோறு இறங்காது. அவர் ஓட, நம்முடைய பாகமும் தீர்ந்திருக்குமோ என்று மற்றவர்களும் இலையை விட்டு ஓடினார்கள். என் முதலாளியும்தான்.

பேச்சாளர் கண்ணைத் திறந்தபோது மிச்சம் நானும் பரிமாறுகிற குமாரி அக்காவும். அக்கா அவரிடம் பரிவாகக் கேட்டார்: "இன்னா சார், இப்பதான் அமைதியா கீது, சாப்பாடு போடட்டா?"

பயம் வேண்டாம்

ஐப்பசியில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வந்தார். மழையில் திறந்துவிட்டால் ஆற்றில் வெள்ளம் வருகிற செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றிப் பேச்சு. வெள்ள பயம் வேண்டாம் என்பது தலைப்பு. வாயைத் திறந்ததும் தகரக் கூரையில் மழை கொட்டியது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், காகிதங்களை மடித்துப் பையில் போட்டார். "சார், தயிர் சாதம்கூட இன்னும் வரல" என்று பின்னாலேயே ஓடினேன்.

"பயப்பட ஒண்ணுமே இல்ல தம்பி. எங்க வீடு ஆத்தோரம் பள்ளத்துல இருக்கு, நான் கெளம்பறேன்."

கடைசிப் புதன்

அந்த வருடத்தின் கடைசிக் கூட்டம். இதுவும் கெட்டால் சாத்தூரை மறந்துவிட வேண்டியதுதான். தண்டலத்திலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக இருந்தது. ரசம் ஊற்றும்போது போன் வந்தது: கல்லூரியில் திடீர் ஆய்வு, கேட்டைத் தாண்ட முடியவில்லை. முதலாளியிடம் சொன்னேன். அவர் மைக்கை என் கையில் திணித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

யாருக்காவது லைன் நிற்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். பாழாய்ப்போன லைன்கள் அன்று பார்த்து ஒழுங்காக ஓடின. வேறு எதுவும் தெரியாததால், மன அமைதி வகுப்பில் இவர்கள் இலையை விட்டு ஓடியதையும், ஏரிக்காரர் ஓடியதையும் சொன்னேன். ஒருவருக்குச் சிரித்துப் புரையேறியது. நடுவில் முதலாளியின் போன் அடித்தது. லைன் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேலே சொல் என்று கையைக் காட்டினார்.

கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். "வேலை கன்ஃபர்ம்பா, ஊருக்குச் சொல்லிடு. அடுத்த வருசத் தலைவரும் பேச்சாளர் புடிக்க உன்னத்தான் கேட்டாரு, சரின்னுட்டேன்."

சாத்தூரில் முகூர்த்தம் குறித்திருப்பது கிளப் கூடுகிற அதே புதன்கிழமை என்பதால், அன்று ஒரகடம் வந்து பேச உங்களில் யாராவது இருந்தால் உடனே சொல்லுங்கள், எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.