ராணி சமாதி

செஞ்சிக் கோட்டைக்குள் ராணி சமாதி என்று ஒன்றை அறுபதுகளில் வந்து கும்பிட்டுப் போனவர்கள் யாராவது இன்னும் உயிரோடு இருந்தால் அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதில் ராணி இல்லை. என் மூத்த மகள் இருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள், அவ்வளவுதான் வயது.

என் புருஷன் கோட்டையில் வாட்ச்மேன். ராஜகிரி அடிவாரத்தில் மதில் ஓரமாக எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். ஐப்பசி அடைமழையில் குழந்தைக்குப் பேதி கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இடுகாட்டுக்குப் போகிற வழியில் ஓடை பொங்கிக்கொண்டிருந்தது, இறங்க முடியாது. அதனால் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியிலேயே புதைத்தார்.

அந்தப் பக்கம் நரி அதிகம். ஈர மண்ணைப் பறித்துவிடுமே என்று பயந்து, இடிந்து கிடந்த மண்டபத்திலிருந்து கற்களை உருட்டிவந்து மேலே அடுக்கினார். அடியில் அன்னப்பறவை வரிசை செதுக்கிய நீளக் கற்கள், மேலே தாமரை செதுக்கிய பலகைக்கல். அழுதுகொண்டே செய்தாலும் அவர் கைக்கு ஒழுங்கு தவறாது. சதுரமாக, மேடை மாதிரியே கட்டிவிட்டார். கோட்டைக் கல்லைத் தொட்டால் கம்பி எண்ணுவாய் என்று ஊரையே விரட்டுகிற மனுஷன் அவர்.

மழை விட்டதும் கோட்டை பார்க்க வந்த ஒருவர் அந்த மேடையைக் காட்டி, இது என்ன என்று கேட்டிருக்கிறார். பயத்தில் இவருக்கு வாயில் வந்தது, "ராணி சமாதிங்க." எங்கள் ஊர் ராஜா சண்டையில் செத்ததும் ராணி தீப்பாய்ந்த கதையைத் தெரியாதவர் இந்தப் பக்கத்தில் கிடையாது. ராஜாவின் குதிரைக்கும் தோழனுக்கும்கூடப் பக்கத்து ஊரில் சமாதி காட்டுகிறார்கள். ராணிக்குத்தான் ஒன்றும் இல்லாமல் இருந்தது. கேட்டவர் கண் கலங்கிப்போய், போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார் போல.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்த் திரும்புகிற கூட்டத்தில் பாதி, செஞ்சியில் பஸ் இறங்கி எங்கள் வேப்பமரத்தடிக்கு வந்துவிடும். குங்குமம் வைப்பார்கள், கதம்பம் போடுவார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஆசையாகவும் இருந்தது. அவர்கள் யாரை நினைத்துப் போட்டால் என்ன, பூ என் மகளுக்குத்தானே? நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து ஒரு மகன் பிறந்து, அவன் பால்குடி மறக்காத சமயம். இவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தளவானூர்க் குடைவரைக் கோயிலைப் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த தொல்பொருள் இலாகா அதிகாரி ஒருவர், யாரோ சொன்னதைக் கேட்டு மாலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றார். மண்டிபோட்டு உட்கார்ந்து தாமரைக் கல்லில் இருந்த தூசியை வாயால் ஊதினார்.

"எத்தனையோ அரண்மனை, எத்தனையோ சமாதி இருந்த இடம் தெரியாம போயிடுச்சு. இது மட்டும் தப்பிச்சிருக்கு பாருங்க" என்றார். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "ஆனா அடிக்கல்லும் மேல்கல்லும் ஒரே கட்டடத்துக் கல்லு இல்லையே" என்றார். என் புருஷன் காலைப் பார்த்தேன். பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"காலையில ஆள் கூட்டிக்கிட்டு வரேன். திறந்து பாத்துடுவோம்" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறிப் போனார்.

விளக்கு ஏற்றின கையோடு நாங்கள் சண்டை போட ஆரம்பித்தோம். "அவர் வர்றதுக்கு முன்ன எடுத்து வேற எடத்துல வெச்சிடலாம்" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

"இன்னாத்த எடுப்பே? சொல்லுய்யா, இன்னாத்த எடுப்பே?"

"கத்தாதமே. வேல போச்சுன்னா இவனுக்கு இன்னாத்தக் குடுப்பே?" என்று தூளியைக் காட்டினார்.

"கடப்பாரய அங்க போட்டே, நானும் அந்தக் குழியிலயே படுத்துக்குவேன். ரெண்டு பேரையும் சேத்து மூடிட்டு உன் வேலையப் பாரு" என்றேன். சொன்னதைச் செய்கிறவள்தான் நான், அது அவருக்கும் தெரியும். சோறு ஆறிக் கிடந்தது. அவர் மரத்தடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டார், நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. திருட்டுத்தனமாகத் தோண்டிவிடுவாரோ என்று என் புருஷனையே நான் காவல் காத்தேன்.

காலையில் அதிகாரி அவலூர்பேட்டைப் பக்கத்துக் கூலியாட்களோடு வந்தார். படம் பிடிக்கிறவர் ஒருவரும் வந்திருந்தார். தாமரைக் கல்லைப் புரட்டினார்கள். அன்னவரிக் கற்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். கடைசியில் மண் தெரிந்தது. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முதல் வெட்டு விழுந்ததும் உள்ளே இறங்கிவிடுவது என்று தீர்மானம்.

அதிகாரி கடப்பாரையை வாங்கி என் புருஷன் கையில் கொடுத்தார். "இத்தனை நாள் காவல் காத்தது நீங்க. நீங்களே மொதல்ல போடுங்க."

இவர் வாங்கிக்கொண்டார். தலைக்குமேல் தூக்கினார். தூக்கினது தூக்கினபடியே நின்றார். படம் பிடிக்கிறவர்கூட, "போடுங்க, போடுங்க" என்றார். இவர் கடப்பாரையை மெல்ல இறக்கித் தரையில் படுக்கவைத்தார்.

"சார், உள்ள ராணி இல்ல சார். எம் பொண்ணு இருக்குது. கல்லெல்லாம் நாந்தான் மண்டபத்துலேருந்து எடுத்தாந்தேன்."

அதிகாரி முதலில் கூலியாட்களையும் படம் பிடிக்கிறவரையும் டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினார். திட்டுவார், போலீஸைக் கூப்பிடுவார் என்று இருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"கல்லைத் திரும்ப மண்டபத்துல கொண்டுபோய்ப் போட்டுடுங்க. மண்ணை அணைச்சுச் சமமாக்கிடுங்க. அரசாங்க இடத்துல பொதைச்சதும் குத்தம், கல்லை எடுத்ததும் குத்தம். எழுதினா வேலை போகும். நான் எழுதல. டீ குடிக்கப் போனவங்க வாயையும் நான் பாத்துக்கறேன். ஆனா வெளியில தெரிஞ்சா எனக்கும் வேலை போயிடும். இனிமே யார் கேட்டாலும், இங்க ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லணும். புரியுதா? ரெண்டு பேருக்கும்தான்."

கையெடுத்துக் கும்பிட்டேன். நல்ல மனுஷர், நன்றாக இருக்கட்டும். மகளை யாரும் தொடவில்லை, வேலையும் போகவில்லை. அன்றைக்கு என் புருஷன்மேல் எனக்கு வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை. அத்தனை பேர் முன்னாலும் 'எம் பொண்ணு' என்று சொன்ன வாயல்லவா?

தரை சமமானது. கோடையில் புல்லும் கருகிப்போய் எங்கே என்று எங்களைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியாத அளவுக்கு ஆயிற்று. கேட்டு வருகிறவர்களிடம் இவர், "அப்படி ஒண்ணும் இங்க இல்லீங்க" என்று சொல்லி அனுப்புவார். வேலையும் நிரந்தரமாயிற்று, காக்கிச் சட்டை கொடுத்தார்கள். 'ஒண்ணும் இல்லீங்க' என்று அவர் சொல்கிறபோதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நான் உள்ளே போய்விடுவேன்.

ஓர் அமாவாசைக்கு மறுநாள் ஒரு குடும்பம் வந்தது. வழக்கம்போலக் கேட்டார்கள், இவரும் வழக்கம்போலச் சொன்னார். சரி, வந்தது வந்தோம், நிழல் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். இவர் மதில் ஓரமாக நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு துண்டை விரித்துத் தூங்குகிற தன் கைக்குழந்தையைக் கிடத்தினாள். அந்த இடத்திலேயே, என் மகளின்மேலேயே கிடத்தினாள்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. "எழுந்திருங்க! கொழந்தையத் தூக்கு, இங்க போடாத, எழுந்து போங்கடி" என்று கத்தினேன். பெரியவர்களிடமா கத்துகிறோம், விருந்தாளிகளிடமா என்றெல்லாம் தோன்றவில்லை. அந்தப் பெண் மிரண்டுபோய்க் குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். கூட இருந்த ஆள் எழுந்து என் புருஷனிடம் போனார்.

"இன்னாங்க, இந்தம்மா இப்படிக் கத்துது? இங்க இன்னாதான் இருக்குது?"

என் புருஷன் என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஒருமுறை சொன்னவர்தானே.

"ஒண்ணும் இல்லீங்க. அவளுக்குப் புத்தி கொஞ்சம் சரியில்ல. நீங்க உக்காந்து சாப்டுங்க" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஐயோ பாவம்" என்றாள்.

அதற்கப்புறமும் அவருக்குப் பிள்ளை பெற்றேன். பென்ஷன் வாங்கிய காலத்திலும், படுக்கையில் கிடந்த காலத்திலும் சோறு ஊட்டினேன். அந்தச் சொல்லை மட்டும் மன்னிக்கவில்லை, அவரும் ஒருநாளும் கேட்கவில்லை.