சாம்பிராணிப் புகையும் திறவாத திட்டக் கோப்பும்

மூடியவை யாவையும் திறப்பவனே, திறவுகோல்கள் அனைத்தும் உன் வசமிருக்க, உன் திருப்பெயர் மொழிந்து இந்த ஏட்டைத் தொடங்குகிறேன். உன் தூதர் மீது ஸலவாத்தும் ஸலாமும் பொழிக.

எண்பதுகளின் பிற்பகுதி, றபீஉனில் அவ்வல் மாதப் பிறை கண்ட பின் வந்த முதல் வெள்ளிக்கிழமை. கல்முனையில் எங்கள் விவசாயிகள் சங்கக் காரியாலயத்தில் நான் தலைமை எழுதுவினைஞன். இறக்காமத்து வாய்க்காலின் கடைமடை மதகு உடைந்து இரண்டு போகம் கடந்திருந்தது. அதைத் திருத்தும் திட்டம் முழுவதும் கணினியில் செருகும் ஒரேயொரு புளொப்பித் தட்டில் இருந்தது. நண்பகல் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் வருவார். அச்சிட்ட திட்டம் அவர் கையில் சேராவிட்டால் அடுத்த போகத்துக்கும் கடைமடை வயல்கள் காய்ந்தே கிடக்கும்.

காலையில், கணினியை இயக்கும் காரைதீவுப் பெண் தட்டைச் செருகினார். இயந்திரம் இருமுறை உறுமிற்று. கோப்பை வாசிக்க இயலவில்லை என்றது திரை. மறுபடி செருகினார், அதே விடை.

சங்கத் தலைவரான இறக்காமத்துப் போடியார், நிலபுலம் மிக்கவர், வாசலிலிருந்தே கேட்டார்: "என்ன கிளாக்கர், பொட்டி வாயத் தொறக்குதா இல்லயா?"

"கொஞ்சம் பொறுங்க போடியார்."

"நான் பொறுப்பன். வயல் பொறுக்குமா? அப்பவே செல்லிட்டன், கடதாசியில எழுதி வெச்சா கறையானாவது பாதிய மிச்சம் வைக்கும் எண்டு."

அந்தப் பெண் மூன்றாம் முறை தட்டை எடுத்தார். நான் தடுத்தேன். "வேணாம் மகள். பழைய கடிதங்கள் இரிக்கிற தட்டொண்டப் போட்டுப் பாருங்க. அதுவும் தொறக்காட்டி, பிழை தட்டில இல்ல."

"ஓம் சேர்" என்று செருகினார். அதுவும் திறக்கவில்லை. எனக்கு நெஞ்சு தெளிந்தது. திட்டம் அழியவில்லை, அதை வாசிக்கும் கருவிதான் நோயுற்றிருக்கிறது.

அவர் தட்டுச் செருகும் வாயின் விளிம்பைத் தடவினார். விரலில் பழுப்புநிறப் பிசின் ஒட்டிற்று. முகர்ந்தார், தயங்கினார்.

"சேர் கோவிக்கப்படாது. இது சாம்பிராணி மணக்குது."

இறைவனிடம் இறைஞ்சும் முனாஜாத்துப் பாக்களில் ஊறியவன் நான். நறுமணம் சேருமிடத்தில் இறையருளான பரக்கத்தும் சேரும் என்று நம்புபவன். வெள்ளிதோறும் காரியாலயம் திறக்குமுன் ஒவ்வொரு மேசையாகப் புகை காட்டுவேன். கணினி வந்ததிலிருந்து, விருந்தாளியாயிற்றே என்று, அதன் வாயருகே புகைச் சட்டியைப் பிடித்து நபிகள் மீது மூன்று முறை ஸலவாத்துச் சொல்வேன். அன்று நபிகள் பிறந்த மாதம் என்பதால் ஏழு முறை. இதை மறைக்காமல் சொன்னேன்.

போடியார் கதிரையில் சரிந்து சிரித்தார். "ஊரெல்லாம் மனிசருக்கு நபி புகழ் மௌலிது ஓதுறாங்க. எங்கட கிளாக்கர் பொட்டிக்கு ஓதியிரிக்கார்!"

வெட்கம் இருந்தது, கலக்கம் இல்லை. எதிரிலிருந்த டிஸ்பென்சரிக்கு நடந்து, காயம் துடைக்கும் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்தேன். அந்தப் பெண் மின்சாரத்தைத் துண்டித்து மூடியைக் கழற்றினார். நான் டோர்ச் பிடித்தேன். உள்ளே, தட்டைத் தொட்டு வாசிக்கும் உறுப்பு கடுகளவே இருந்தது. அதில் படிந்த புகைப்பிசினை ஸ்பிரிட் நனைத்து அவர் துடைக்க, முதல் பஞ்சு சாயத் தேநீரின் நிறத்தில் வந்தது. இரண்டாவது வெளிறிற்று. நான்காவது வெண்மையாகவே திரும்பிற்று. ஸ்பிரிட் உலரும் வரை நான் குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹா ஓதினேன். அவர் கண்மூடித் தம் முருகனை அழைத்தார்.

முதலில் கடிதத் தட்டு. திறந்தது. பிறகே திட்டத் தட்டைச் செருகச் சொன்னேன். உறுமல் நின்றது, மதகின் பெயர் முதல் வரியாகத் திரையில் எழுந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் போடியார். "அச்சடிங்க மகள், அடிங்க!"

"பொறுங்க போடியார், முதல்ல இன்னொரு தட்டில பிரதி எடுக்கிறன்" என்றார் அவர். அது எனக்குத் தோன்றாத புத்தி.

கடைசித் தாள் வெளிவருகையில் ஜும்ஆவுக்குப் பாங்கு ஒலித்தது. தொழுகைக்குப் பின் பொறியியலாளர் ஒவ்வொரு தாளாக வாசித்துக் கையெழுத்திட்டார். மாரி வலுக்குமுன்பே மதகு எழுந்தது.

அடுத்த வெள்ளி நான் சட்டியோடு வந்தபோது போடியார் வாசலை மறித்து நின்றார். "கிளாக்கர், நெருப்பு வெளிய நிக்கட்டும். துஆ மட்டும் உள்ள போகட்டும்."

அவ்வாறே செய்தேன், வேலைவிட்டு நீங்கும் வரை அவ்வாறே செய்தேன்.

இதை வாசிப்போர் யாவரின் அடைபட்ட வாசல்களையும் இறைவன் திறப்பானாக. அவர்தம் கடைமடை வரை தண்ணீர் சென்று சேர்வதாக. ஆமீன்.