திறந்து வைத்த பெட்டி

என் கணினியை நான் கட்டவில்லை. புதுச்சேரிக் கடை ஒன்றில் உத்தரவாதச் சீட்டோடு முழுசாக விற்றதை வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மரக்காணமே நம்புவதுபோல, உதிரி உதிரியாக வாங்கி என் கையால் சேர்த்தது அல்ல... இது தெரிந்த முதல் ஆள் நீங்கள்தான்.

இதற்கெல்லாமா ஒரு வாக்குமூலம் என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். சிரிப்பு எனக்கு முழுநேர வேலை. உப்புப் பாக்கெட் போடும் கொட்டகையில் மேற்பார்வை என்பது ஒழிந்த நேரத்தில்.

பெட்டியோடு இறங்கியபோது எதிரில் அந்தோணி வந்தான். பள்ளியில் என்னோடு கடைசி பெஞ்சைத் தேய்த்தவன்.

"இன்னா மச்சான், ரெடிமேடா?"

அந்தக் கேள்வியில் நான் ஏன் சிறுத்துப்போனேன்? தெரியவில்லை. "காலிப் பெட்டிடா. உள்ள எல்லாம் நானே கட்டப்போறேன்" என்று சொல்லிவிட்டேன். காலிப் பெட்டிக்கா இவன் இப்படி மூச்சு வாங்குகிறான் என்று அவன் யோசிக்கவில்லை. நல்லவன்.

சில நாளில் பார்க்க வந்தான். அவசரமாகப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். மேசைமேல் திருகாணிகளை இறைத்தேன். தகட்டோரம் ஒட்டியிருந்த உத்தரவாத ஸ்டிக்கர் கிழிந்தது. பெருமைக்காகத் தன் உத்தரவாதத்தையே கிழித்துக்கொண்ட ஒருவனை நீங்கள் பார்த்ததுண்டா?

"இத்த மூட மாட்டியா?"

"கட்டினவன் மூட மாட்டான்டா. ரெடிமேட்காரன்தான் மூடி வைப்பான். இதுக்குக் காத்து வேணும்."

அவன் போனதும் தகட்டை மூடி எல்லாத் திருகாணியையும் இறுக்கினேன். அணைத்துவிட்டு மேலே ஒரு போர்வையும் போர்த்தினேன். கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தாரே: "கடலோரமா? தொறந்து மட்டும் வைக்காதீங்க. உப்புக் காத்து பூந்தா போர்டை அரிச்சிடும்."

அந்தோணிக்கு ஓர் ஆசை இருந்தது. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தரும் கடை. உப்பளச் சாலையோரம் ஓர் அறை பிடித்தான். "எனக்கும் ஒண்ணு கட்டிக் குடு மச்சான்" என்று உதிரிகளோடு வந்து நின்றான். கைபேசியில் செய்முறை பார்த்துப் பார்த்து, வியர்த்து வழிந்து சேர்த்தேன். ஓடியது! அவனைவிட நான்தான் திகைத்தேன்.

பக்கத்தைத் திறந்தே வைத்தான். நான் சொன்னதாயிற்றே.

அந்த மாலைகள்... வெளியே பாத்திகளில் தேங்கிய நீர், வானத்தைத் தரையில் விரித்து வைத்திருக்கும். உள்ளே பெட்டி விசிறியின் நீல விளக்கு சுற்றும். சுற்றுவது விசிறியா, அறையா, நாங்களா என்று மயக்கமாக இருக்கும். திரையில் யாரோ ஒரு மணப்பெண் மெதுவாக, மிக மெதுவாகத் தலைநிமிர்ந்து சிரிப்பாள். கடல்காற்று வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். பெட்டிக்குள்ளும்.

ஒருநாள் குனிந்து பார்த்தேன். போர்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரல்நுனி அளவில் ஓர் உப்பளம். அழகாகக்கூட இருந்தது. 'மூடுடா' என்ற ஒரு சொல் போதும் அப்போது. ஆனால் வாசலில் இரண்டு பேர், "இவருதான் கட்டினாராம்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து மீசையைத் தடவினேன்.

பிரம்மதேசம் கிராமத்துக் கல்யாண வீடியோ ஒன்றை முடிக்கும் வேளையில் பெட்டி அணைந்தது. அணையும்போது உள்ளிருந்த டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெண்ணின் அப்பா வந்து வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. "வேற எங்கயும் இல்லியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. பிறகு எந்தப் பக்கத்திலிருந்தும். அறைக்குப் பூட்டு விழுந்தது. அந்தோணி உப்பு வாரப் போனான்.

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். "உப்புக் காத்து மச்சான், நீ இன்னா பண்ணுவ" என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அந்த இடம் மட்டும் இன்னும் உறுத்துகிறது... எனக்கு நகைச்சுவை வராத ஒரே இடம் அது.

போன வாரம் அட்டைப்பெட்டிகளோடு மறுபடி வந்தான். கடையைத் திரும்பத் திறக்கிறானாம்.

"ரெடிமேடா வாங்கிடேன்டா" என்றேன். "உத்தரவாதமாவது இருக்கும்."

"நீ இருக்கசொல்ல எனக்கு இன்னாத்துக்கு உத்தரவாதம்?"

சேர்த்தேன். கடைசியில் பக்கத் தகட்டை எடுத்துப் பொருத்தினேன்.

"ஏன் மச்சான் மூடுற? கட்டினவன் மூட மாட்டான்னு சொன்னியே."

வாய்வரை வந்தது. பேருந்து, ஸ்டிக்கர், போர்வை, பூத்த வெள்ளை... எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"இது புது மாடல்டா" என்றேன். "இத்த மூடித்தான் வைக்கணும்."

அவன் தலையாட்டினான். அடுத்த திருகாணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.