வேறோர் உலகத்தில் அவர் நடப்பார்

என் கணவரை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர் மல்லாந்து படுத்தபடி செல்போனை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, வானத்தில் பறக்கும் ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலூரில் ஒரு மருத்துவமனை. நான் அங்கே பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த புதிது. அவர் ஜவ்வாது மலைக்காரர், காவலூர் பக்கம். புளி உலுக்க மரமேறியவர் கிளை முறிந்து விழுந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தார். இனி நடக்க முடியாது என்பதை மருத்துவர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். கைக்கும் தோளுக்கும் பலம் ஏற்றி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறிக்கொள்ளப் பழக்குவது என் வேலை.

"போனை வைங்க, பயிற்சி ஆரம்பிக்கலாம்" என்றேன்.

"ஒரு நிமிசம் மேடம். உலகம் அழியப் போவுது. காப்பாத்திட்டு வர்றேன்."

தமிழில் டப் செய்த சூப்பர் ஹீரோ படங்கள் எல்லாமே அவருக்கு மனப்பாடம். யாருக்கு எப்படி சக்தி வந்தது, எந்த வில்லன் எந்தக் கிரகத்திலிருந்து வந்தான், எல்லாம் சொல்வார். நான் அப்படி ஒரு படம்கூட முழுசாகப் பார்த்ததில்லை. குழந்தைகள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன்.

"எல்லாருக்கும் ஒரு அடி பட்டுதான் சக்தி வருது மேடம். ஒருத்தன மின்னல் தாக்குது, ஒருத்தன் வெடி விபத்துல மாட்டிக்கிறான். எனக்குப் புளியமரம் இன்னா குடுத்துச்சின்னுதான் தெர்ல" என்று ஒருநாள் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்குப் பயிற்சி நடக்கவில்லை.

அவரோடு பேசுவதற்காகவே சந்தவாசலில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். மறுநாள் வந்து கதையைத் தப்பும் தவறுமாகச் சொல்வேன். திருத்திச் சொல்லும் ஆவேசத்தில் கையில் எடை இருப்பதையே மறந்துவிடுவார். ஒருநாள் யாரும் பிடிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பை இழுத்து நாற்காலியில் போட்டார். வியர்த்துக் கொட்டியது. தலையணையில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு, "தரையெறங்கிட்டேன் மேடம்" என்றார். நான் முகம் கழுவப் போவதுபோல வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

வீடு திரும்பியதும் அவர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்தார். பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரில் போய்வரப் பழகினார். வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனை வண்டியில் இரண்டொரு முறை நான் போனேன். அதற்கப்புறம் வண்டி இல்லாமல், லீவு நாளில், பஸ் பிடித்துப் போனேன். எதற்குப் போகிறேன் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அப்பாவுக்கு சந்தவாசலில் மளிகைக் கடை. கடையை அடைத்துவிட்டு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மலைக்காரன்னாகூட ஊர் வாய மூடிக்கலாம். நடக்க முடியாதவனுக்கு எப்படிம்மா உன்ன குடுக்கறது? நாளைக்கு ஒண்ணுன்னா அவரு உன்ன தாங்குவாரா, நீ அவர தாங்குவியா?"

"ரெண்டும்பா."

அதற்குப் பிறகு அப்பா என்னோடு வெகுநாள் பேசவில்லை. படவேட்டுக் கோயிலில் கல்யாணம் நடந்தபோது வந்தார். ஒரு தூணோரம் நின்று பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போனார். மகள் பிறந்த பிறகுதான் ஒரு சிப்பம் அரிசியோடு எங்கள் வாசலில் வந்து இறங்கினார். அப்புறம் அடிக்கடி வரத் தொடங்கினார். வந்தால் மருமகனின் கடையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருஷங்களில், ஒரே ஆள் பல உலகங்களில் பல விதமாக வாழும் கதைகள் நிறைய வந்தன. ஓர் உலகத்தில் உலகைக் காப்பவன், இன்னோர் உலகத்தில் திருடன், வேறொன்றில் பிறக்கவே இல்லை. என் கணவரும் மகளும் அதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டார்கள். வேற உலகத்துல நம்ம மலைக்கு ரயில் வருது. வேற உலகத்துல சாமைக் களி சாக்லேட் மாதிரி இருக்கு. வேற உலகத்துல தாத்தாதான் ஸ்கூலுக்குப் போறாரு, நான் கடையப் பாத்துக்கறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மழை. மூவரும் டிவி முன்னால் இருந்தோம். மகள் கேட்டாள்:

"வேற உலகத்துல நீ நடப்பியாப்பா?"

"நடப்பேன். ஓடுவேன். புளியமரத்து உச்சி வரைக்கும் ஏறுவேன்."

"அம்மா?"

"அம்மா கீழ சந்தவாசல்ல இருப்பாங்க. என்ன யாருன்னே தெரியாது."

"அப்ப நானு?"

அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளிடம் பொய் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. மகள் சட்டென்று எழுந்து, "அப்படின்னா நீ நடக்க வேணாம்" என்று கத்திவிட்டு அழுதாள். அவர் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கும் ஒரு வலி இருந்தது. அவர் விழுந்திருக்காவிட்டால் நாங்கள் சந்தித்திருக்கவே மாட்டோம் என்பது எனக்கு ரகசியமான ஆறுதல். அவருக்கும் அது ஆறுதல்தான் என்று நானாகவே நினைத்திருந்தேன். வேறோர் உலகத்தில் ஓடுவேன் என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தில் நான் எங்குமே இல்லை.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்ப மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே நாற்காலியில் இருந்தபடி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். குனிந்த தலையை நிமிர்த்தாமல் அவள் கேட்டாள்.

"என்னாலதான் உன் கால் போச்சாப்பா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். தான் பிறப்பதற்காக அப்பா விழ வேண்டியிருந்தது என்று அந்தச் சின்ன மனசு முடிவு கட்டியிருந்தது.

அவர் ஷூவைக் கீழே வைத்தார். நாற்காலியை உருட்டி அவள் முழங்காலில் தன் முழங்கால் முட்டும்படி வந்து நிறுத்தினார்.

"இங்க பாரு. கிளை உளுத்துப் போயிருந்துச்சி. நான் பாக்காம ஏறினேன், உழுந்துட்டேன். அப்ப நீயும் இல்ல, அம்மாவும் இல்ல. உழுந்தது கெட்டதுதான். இப்பகூட கால் குடுக்கறேன்னு யாராச்சும் வந்தா வேணும்னுதான் சொல்லுவேன். நீ வந்தது நல்லது. அம்மா வந்தது நல்லது. இத குடுத்து அத வாங்கல நானு. அது வேற, இது வேற. புரிதா?"

"அப்ப நான் இருக்கும்போதே கால் வந்தா?"

"உன்ன தோள்ல தூக்கினு மலையெல்லாம் சுத்துவேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரிப்பன் லூசா கீதும்மா" என்றாள். நான் மறுபடி பின்னத் தொடங்கினேன்.

அவள் பள்ளிக்குப் போன பிறகு அவரிடம், "எனக்கும் சேத்துதான் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"நேத்து நீ அடுப்படிக்குப் போனத பாத்தேன்" என்றார். கை முழுக்க கறுப்புப் பாலிஷ். அந்தக் கையாலேயே என் கன்னத்தைத் தொட்டார். அவருடைய விபத்தை நான் நியாயப்படுத்த வேண்டியதில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் இழந்ததற்காக நான் வருத்தப்படலாம். அவர் கிடைத்ததற்காகச் சந்தோஷப்படலாம். இரண்டுக்கும் என்னிடம் இடம் இருந்தது.

அந்த விளையாட்டைக் கொஞ்ச நாள் யாரும் தொடவில்லை. பிறகு மகளே ஆரம்பித்தாள். வேற உலகத்துல பூனைங்க பஸ் ஓட்டுது என்றாள். டிக்கெட் யார் கிழிக்கறது என்று அவர் கேட்டார்.

போன கோடை விடுமுறையில் புதிதாக ஒரு படம் வந்தது. எங்களோடு அப்பாவும் வேலூருக்கு வந்தார். தியேட்டரில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மேலே போகப் படிக்கட்டுதான். நான் பின்னாலிருந்து நாற்காலியைச் சாய்த்துப் பிடித்தேன். முன்பக்கம் பிடிக்க ஆள் தேடுவதற்குள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டார்.

"மாமா, வேணாம். உங்களுக்கு இடுப்பு புடிச்சிக்கும்."

"சும்மா உக்காருங்க மாப்ள. அரிசி மூட்ட தூக்கின ஒடம்பு இது."

மகள் எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டே, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூவினாள். ஒவ்வொரு படியிலும் அப்பா மூச்சு வாங்க நின்றார், ஆனால் பிடியை விடவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் நெற்றியை என் கணவர் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

படத்தில் பாதிக்கு மேல், ஒரே முகத்தோடு மூன்று பேர் மூன்று உலகங்களிலிருந்து வந்து வரிசையாக நின்றார்கள். தியேட்டரே விசிலடித்தது. அப்பா மட்டும் என் கணவர் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இதுல நம்ம ஆளு எவன்?"

"மூணு பேருமேதான் மாமா."

"மூணு பேருமா?" அப்பா திரையை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லி, பாப்கார்ன் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினார்.