ஊமை ஹாரன் பம்ப் வாங்கிய கதை

இதை எழுதுகிறவன் அவரை முதலில் பார்த்தது, அவர் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்த அன்று. கயிறு போட்டுக் கட்டிய பெட்டியைக் கேட்காமலே வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"என்ன தம்பி, உள்ள கருங்கல்லா?"

"புத்தகம்ணே. சர்டிபிகேட்டும் அதுலதான் இருக்கு. எங்க வீட்டுல பட்டம் வாங்கின முதல் ஆளு நான்தான்."

"அப்படியா! அப்ப கீழ போடவே கூடாது."

பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி ஏறினார். பட்டத்துக்குக் கொடுத்த மரியாதை என்று வந்தவன் பூரித்துப் போனான். காரணம் வேறு என்று பின்னால்தான் தெரிந்தது.

தெருவில் அவருக்கு வைத்திருந்த பெயர் ஊமை ஹாரன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர் வேனில் ஹாரன் இருந்தது. அது வேலை செய்கிறதா என்பது அவருக்கே தெரியாது. "ஹாரன் அடிக்கிறவன் முன்னாடி பாக்கத் தெரியாதவன்" என்பார். தெரு முக்கில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து சோம்பல் முறித்து நகரும்வரை காத்திருப்பார். பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட, பக்கத்து இருக்கையில் அவர் மனைவி. தாய்மார்கள் இருவரையும் நம்பி, தூக்கம் கலையாத குழந்தைகளைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

அந்த ஊமை ஹாரன் சில மாதங்களாக வாய் திறந்திருந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் அடித்தார். எதிரே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவன் வேறென்ன செய்வான்? முதலில் வண்டிக் கண்ணாடியில்தான் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தார். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க வேண்டியது அதற்கும் உள்ளே இருக்கிறது என்று புரிந்தபோது வாயை மூடிக்கொண்டார். உலகம் முழுக்கப் பழுப்பேறிய திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டது. அவருடைய அப்பாவும் இப்படித்தான் ஒரு வயதில் சுவரைத் தடவத் தொடங்கி, பிறகு கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. தனக்கும் அதுதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். டாக்டரிடம் போனால் அந்த முடிவைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார், அவ்வளவுதானே! அந்தக் காகிதம் வந்தால் லைசென்ஸ் போகும். வேன் போகும். ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது.

இருபது வருடமாக வண்டியைப் பார்த்த மெக்கானிக்குக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. எண்ணெய் மாற்றக் குழிமேல் வண்டியை நிறுத்தச் சொன்னான். நேராக ஏற்றி நிறுத்துகிறவர், அன்று ஒரு சக்கரத்தைக் குழிக்குள் இறக்கப் பார்த்தார். அவன் கத்தி நிறுத்தினான்.

"அண்ணே, வண்டிக்கு ஒண்ணும் இல்ல. உங்க கண்ணை முதல்ல காட்டுங்க."

"உன் குழிதான் கோணல்!" என்று வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எண்ணெய் மாற்றவில்லை. வீட்டில் கேட்டபோது, "அவன் பழைய ஆயிலை வடிகட்டித் திரும்ப ஊத்துறான். திருட்டுப் பய" என்று சொல்லிவைத்தார். மனைவி அதை நம்பி, மெக்கானிக்கின் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்படித்தான் வீட்டுக்கு உறிஞ்சு பம்ப் வந்தது. வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம், திருகாணி கழற்ற வேண்டாம். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கைப்பிடியை அடித்தால், பழைய எண்ணெய் தானாக ஏறி வந்து டப்பாவில் விழும். கண் அதிகம் தேவைப்படாத வேலை என்று கணக்குப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மறுநாள் பிள்ளைகளை அணைக்கட்டுக்குச் சுற்றுலா கூட்டிப் போக வேண்டும். மேடும் வளைவுமான தூரப் பாதை. வாசலில் வண்டியை நிறுத்தி, சூடேற என்ஜினைச் சற்று ஓடவிட்டு அணைத்தார். பானெட்டைத் தூக்கினார். மனைவி பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்தாள். அவளைப் பார்க்க வந்திருந்த தங்கை வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"என்னத்தான், ஆஸ்பத்திரியில வயித்தைக் கழுவுற மாதிரி குழாயெல்லாம் விடுறீங்க? வண்டி விஷம் குடிச்சிருச்சா?"

"உன் சமையலைச் சாப்பிட்டுச்சு" என்றார் அவர். மனைவி சிரித்தாள்.

அந்த வண்டியில் இரண்டு குச்சிகள். என்ஜின் எண்ணெய்க்கு ஒன்று, அதன் பிடி மஞ்சள். தானாகக் கியர் மாறுகிற வண்டி என்பதால் கியர் பெட்டி எண்ணெய்க்கும் ஒரு குச்சி உண்டு, அதன் பிடி சிவப்பு. இரண்டிலும் வருடக்கணக்கான பிசுக்கு. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே பழுப்பு. கை போய்ப் பிடித்தது சிவப்பை.

குழாயை விட்டார். பம்பை அடித்தார். சரசரவென்று ஏறி வந்தது. இவ்வளவு சுலபமாக வரும் என்று அவர் நினைக்கவில்லை. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். நீர்த்திருந்தது. கருகல் வாடையும் இல்லை. மனதுக்குள் ஏதோ நெருடியது. சூடாக இருக்கிறது, அதனால்தான் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். டப்பாவில் போட்டிருந்த அளவுக்கோடு தெரியவில்லை. தூக்கிப் பார்த்துக் கை கனத்ததும் போதும் என்று ஓரமாக வைத்தார்.

புனலை வைத்துப் புது எண்ணெயை என்ஜினில் ஊற்றினார். கேன் காலியானது. அதே குச்சியைத் துடைத்து, விட்டு, உருவி, நுனியைத் தடவினார்.

ஈரமே இல்லை.

இன்னொரு தடவை விட்டு எடுத்தார். காய்ந்திருந்தது. கையிருப்பில் இருந்த இன்னொரு கேனையும் திறந்து பாதி ஊற்றினார். குச்சி அப்படியே இருந்தது. குனிந்து வண்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். தரை காய்ந்து கிடந்தது. ஊற்றியதெல்லாம் எங்கே போகிறது?

"என்னங்க, ஆயிலை வண்டி குடிக்குதா, இல்ல நீங்களா?"

"சும்மா இரு."

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும்ல?" என்றாள் தங்கை.

அதுவும் சரியென்று பட்டது. ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைப் போட்டார். என்ஜினுக்குள் பழையதும் புதியதுமாகக் கழுத்துவரை எண்ணெய். கியர் பெட்டி ஏறக்குறையக் காலி. சாவி ஒரு பாதி திரும்பியது.

"நில்லுங்க!"

மனைவியின் குரல். பம்ப் டப்பாவை ஓரமாக நகர்த்தப் போனவள் வெயிலில் அதைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். பிறகு நடந்து வந்து, ஜன்னல் வழியாக அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது என்ன கலர், சொல்லுங்க."

அவருக்குக் கோபம் வந்தது. "பழைய ஆயில் என்ன கலர்ல இருக்கும்? கறுப்புதான்."

தங்கை வாய் திறந்தாள். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"கறுப்புன்னு சொல்றேன்ல!"

"ரத்தம் மாதிரி சிவப்பா இருக்குங்க."

சிவப்பு என்றதும் கை தானாகச் சாவியை விட்டது. சிவப்பாக இருப்பது கியர் பெட்டி எண்ணெய். காய்ந்த குச்சி ஏன் காய்ந்தது என்பதும், ஊற்றியது எங்கே போனது என்பதும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இப்போதும் ஒரு வழி இருந்தது. 'ஆமா, கியர் ஆயிலையும் சேர்த்துத்தான் மாத்துறேன், உனக்கென்ன தெரியும்' என்று ஒரு அதட்டல் போட்டால் போதும். இத்தனை மாதம் அந்த அதட்டலில்தான் வண்டி ஓடியது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

மனைவி டப்பாவைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"போன வாரம் அந்தச் சின்னப் பொண்ணு, ரெயின்கோட் போட்டுக்கிட்டு ரோட்டுல இறங்கினப்ப, மேல இடிக்கிற மாதிரி போய் நிறுத்தினீங்களே. பிரேக் பிடிக்கலன்னு சொன்னீங்க. நான் அவ அம்மாகிட்டயும் அதையேதான் சொன்னேன். பிரேக்கா அது?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக்கா, கண்ணா?"

அவள் ஜன்னலுக்குள் குனிந்தாள்.

"நாளைக்கு அந்தப் புள்ளையும்தான் வருது. மேட்டுப் பாதைங்க. நான் பக்கத்துல உட்காரணும். தெரிஞ்சே உட்காரணுமா, சொல்லுங்க."

"அந்தப் புள்ள எனக்குத் தெரியவே இல்ல" என்றார் அவர். "நீ 'ஐயோ'ன்ன. அதுக்குத்தான் மிதிச்சேன்."

மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. சாவியை உருவி அவள் கையில் கொடுத்தார். "அப்பா மாதிரி ஆயிடுவேன்னு பயந்துட்டேன்" என்றார்.

"அப்பா டாக்டர்கிட்ட போகவே இல்லையேங்க" என்றாள் அவள்.

தங்கைதான் எழுந்து வந்தாள். "சரி, இப்ப வருத்தப்பட்டு என்ன ஆகப் போகுது? அத்தான், முதல்ல மெக்கானிக்குக்குப் போன் போடுங்க."

போன் போடுவது எண்ணெய் ஊற்றுவதுபோல் இல்லை. திருட்டுப் பய என்று சொன்ன வாயால் பேச வேண்டும். மனைவியே நம்பரை அழுத்திக் கையில் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரே ஒரு கேள்வி: "ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"இல்லப்பா."

"பொழச்சீங்க. சாவியைத் தொடாதீங்க, வர்றேன்."

வந்தவன் முதலில் பானெட்டுக்குள் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தான். "குழி கோணல்னு சொன்னீங்களே, இப்ப நேராயிடுச்சா?" என்றான்.

அவர் சிரிக்கவில்லை. "உன்னைப் பத்தி வீட்டுல தப்பாப் பேசிட்டேன். நீ பழைய ஆயிலை ஊத்துறன்னு சொன்னேன்."

மெக்கானிக் கை அப்படியே நின்றது. "அதனாலதான் அக்கா என் வீட்டுக்காரியோட பேசறதில்லையா? அவ எத்தனை நாள் என்கிட்ட கேட்டு அழுதா தெரியுமா?" என்றான். மஞ்சள் பிடியைத் தொட்டுப் பார்த்து உருவி, அதே பம்பால் என்ஜினில் இருந்ததை முழுவதும் வெளியே எடுத்தான். என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் அதனதன் எண்ணெயை அளந்து ஊற்றினான். போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போனான்.

மனைவி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, பிரேக் என்று சொன்னது பொய், கண்தான் என்று சொன்னாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சிலர் நன்றி சொன்னார்கள். அந்தச் சின்னப் பொண்ணின் அம்மா பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். மறுநாள் பிள்ளைகள் வேறொரு வேனில் அணைக்கட்டுக்குப் போய் வந்தார்கள்.

அப்பாவுக்கு வந்தது என்னவென்று இனிமேல் யாருக்கும் தெரியப் போவதில்லை. இவருக்கு வந்தது கண்புரை. வலது கண்ணுக்கு அறுவை முடிந்துவிட்டது. இடது கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வேனைச் சம்பளத்துக்கு ஓர் ஆள் ஓட்டுகிறார். இவர் மனைவியோடு சேர்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். டாக்டர் ஓட்டலாம் என்று சொன்னாலும், முதலில் மனைவி சொல்ல வேண்டும் என்கிறார். எண்ணெய் மாற்ற வண்டி ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகிறது. மெக்கானிக் வேலையைச் செய்து கொடுக்கிறான். பழையபடி உட்கார்ந்து பேசுவதில்லை. அந்தச் சின்னப் பொண்ணு இன்னும் வேறு வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.